அறுபத்துமூன்றாவது மாதிரி

1

ஊஊஊங்... ஊஊஊங்... அம்புலன்ஸ்! எங்கள் ஒழுங்கைக்குள் அம்புலன்ஸ்!

காலை பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். பதினேழு வீட்டுப் படலைகளுக்கு மேலாலும் தலைகள் எழும்பின. எல்லா முகங்களிலும் முகக்கவசம்; எல்லா முகக்கவசமும் மூக்குக்குக் கீழே. வாகனம் முதல் வீட்டைத் தாண்டியது. முதல் வீட்டுக்காரர் சிலுவை போட்டார். இரண்டாவது வீட்டைத் தாண்டியது. அவர்களும் போட்டார்கள். எங்கே நிற்கும்? யார் அந்த ஒருவர்?

நில்லுங்கள். இது இந்தக் கதைக்கு நான் எழுதும் நான்காவது தொடக்கம். முதல் மூன்றையும் கிழித்தாயிற்று. முதலாவது, "குருநகர்க் கடல் அன்று அமைதியாக இருந்தது" என்று தொடங்கியது. பச்சைப் பொய். சோளகக் காற்று அடித்துப் படலைகளெல்லாம் தாமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்த நாள் அது. இரண்டாவது, "யசிந்தாவுக்கு வயது இருபத்தேழு, இன்னும் கலியாணமாகவில்லை" என்று தொடங்கியது. ஒரு பெண்ணை அறிமுகப்படுத்த வேறு செய்தி கிடைக்கவில்லையா என்று என் மேலேயே கோபம் வந்தது. மூன்றாவது, "தொற்று என்பது" என்று தொடங்கி அந்த இரண்டு சொல்லோடேயே நின்றுவிட்டது.

ஆக, அம்புலன்ஸே இருக்கட்டும். 

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கழித்தல் கணக்கில் பிறந்தது. சுகாதாரப் பகுதியினர் எங்கள் ஒழுங்கையில் எடுத்த மாதிரிகள் அறுபத்துமூன்று. மாதிரி கொடுக்கப் போனவர்கள் அறுபத்திரண்டு பேர். ஒரு மூக்கு குறைகிறது!

அந்த மூக்கின் கதையை எனக்குச் சொன்னவள் எதிர்வீட்டு யசிந்தா. தொலைபேசியில், இரண்டு மணி நேரம். எங்கிருந்து பேசினாள் என்பதை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் கதை இங்கேயே முடிந்துவிடும். மிச்சம், என் படலைக்கு மேலால் நானே கண்டதும் கேட்டதும். நானாகச் சேர்த்ததை மட்டும் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். [இதுபோல.] பெயர்களை மாற்றிவிட்டேன்.

2

2021 ஜூன் மாதம். நாடு முழுக்கப் பயணத்தடை. எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்குத் தொற்று வந்ததும் இரண்டு தொங்கலிலும் தடி கட்டி மூடிவிட்டார்கள். வள்ளங்கள் எல்லாம் கரையில். செவ்வாய்க்கிழமை பங்கு மண்டபத்தில் வைத்து ஒழுங்கை முழுவதற்கும் பி.சி.ஆர். எடுத்தார்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரே தொழில்: எண்ணிக்கை பார்ப்பது.

இதில் எங்கள் தலைவி அற்புதராணி அக்கா. பாலர் பாடசாலையில் முப்பது வருடம் பிள்ளைகளை எண்ணி உள்ளே விட்டு, எண்ணி வெளியே விட்டவர். அவருடைய எண்ணிக்கை பிழைத்தது கிடையாது. பங்குக் கோயில் கலண்டரில் ஒவ்வொரு நாளின் பெட்டிக்குள்ளும் அன்றைய தொற்றுத் தொகையை எழுதி வைப்பார். அந்தோனியார் திருநாளன்று எங்கள் பிரிவுக்குப் பூச்சியம் வந்தபோது, அந்தப் பூச்சியத்துக்கு மேலே ஒரு பூ வரைந்திருந்தார்.

புதன்கிழமை பின்னேரம் செய்தி வந்தது. அக்கா மதிலுக்கு அங்கால் நின்று கூப்பிட்டார்.

"பிள்ளை! எங்கடை பிரிவுக்கு இண்டைக்கு ஒண்டாம்!"

"ஒண்டுதானே அக்கா. நல்லதுதானே."

"என்ன நல்லது? இந்தக் கிழமை எங்கடை பிரிவிலை மூக்குக்குள்ளை குச்சி விட்டது எங்கடை ஒழுங்கைக்கு மட்டும்தான். அப்ப அந்த ஒண்டு எங்களுக்குள்ளைதான் நிக்குது. ஆர்?"

"நீங்களாயும் இருக்கலாம். நானாயும் இருக்கலாம்."

"நான் இல்லை. இப்பதான் கருவாடு பொரிச்சனான். நல்லா மணக்குது."

பத்தே நிமிடத்தில் இந்தப் பரிசோதனை முறை ஒழுங்கையின் வட்ஸ்அப் குறூப்பில் ஏறிவிட்டது. கருவாடு மணந்தால் தப்பினீர்கள்! ஆறு மணிக்குப் பதினேழு அடுப்பிலும் கருவாடு. கட்டாக் கருவாடு, நெத்தலி, சுறா. வசதி உள்ளவர்கள் பாரை. காக்கைகளுக்குத் தலைகால் புரியவில்லை. "மணக்குது!" "எங்களுக்கும்!" "எங்களுக்கு உங்கடையும் சேர்த்து மணக்குது!" என்று மதிலுக்கு மதில் குரல்கள். திருநாள் தோற்றது.

எதிர்வீட்டிலிருந்து மட்டும் கருகிய மணம் வந்தது.*

அந்த அமளிக்குள்தான் அற்புதராணி அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, வேறை ஆருக்கும் சொல்லாதை. செவ்வாய்க்கிழமை நான் மண்டப வாசலிலை கதிரை போட்டு இருந்தனான் எல்லே. உள்ளுக்குப் போனது அறுபத்திரண்டு பேர். பி.எச்.ஐ. சொல்லுறார் அறுபத்திமூண்டு மாதிரியாம்."

"நீங்கள் ஒண்டை விட்டிருப்பியள்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னால் முடியாது. முப்பது வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட விடாதவர்.

*அடிக்குறிப்பு: தொடர்கதையாக இருந்தால் இந்தக் கருகிய மணத்தோடு ஒரு வாரத்தை முடித்திருப்பேன். இது சிறுகதை, ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். அடுப்படியில் நின்றவள் யசிந்தா. சட்டி புகைந்து கண் எரிந்த பிறகுதான் கருகியது அவளுக்குத் தெரிந்தது.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தோடு தகராறு. அவர் யசிந்தாவின் தகப்பன் மரியரட்ணம்.

முதல் படியில் அவரை இப்படி எழுதினேன்: "மீசை துடிக்க, கண்கள் சிவக்க, மரியரட்ணம்..." 

யசிந்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுமுனையில் சிரிப்பு.

"அன்ரி, அப்பா மீசையே வைக்கிறேல்லை."

"கதைக்காக வைப்பமே?"

"வேண்டாம். நீங்கள் எழுதுங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனா அவரைக் கூடாத ஆளாக்கிப்போடாதேங்கோ."

சரி, மீசையை எடுத்துவிட்டேன். மீசை போனதும் ஆளும் மாறிவிட்டார். மிஞ்சியவர் ஐம்பத்தெட்டு வயதில், தொய்வுக்காரராய், நண்டு வலைக்குப் போகும் ஒரு மனிதர். ஆறு வருடத்துக்கு முன் மனைவியை இழந்தவர். சட்டைப்பையில் எப்போதும் நீல நிறப் பம்ப் ஒன்று இருக்கும். மூச்சு முட்டினால் அதை வாயில் வைத்து இழுப்பார். மகள்கள் இருவர். மூத்தவள் யசிந்தா. இளையவள் லவீனா, இருபத்துநான்கு வயது, நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தவள்.

அந்த லவீனா பயணத்தடைக்கு முதல் நாள் வேலைக்கென்று போனாள், திரும்பி வரவில்லை. கூட வேலை செய்த உடுவில் ஊர்ப் பெடியன் பிறேமைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிறேம் வீட்டார் கத்தோலிக்கர் அல்ல, வேறு சபைக்காரர். எங்கள் பங்கில் கோயிலில் கட்டாத கலியாணம் கலியாணமே இல்லை. போதாததற்கு, மூத்தவள் இருக்க இளையவள் முந்திவிட்டாள்.

மரியரட்ணம் சத்தம் போடவில்லை. அடிக்கவில்லை. யசிந்தாவிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார்: "வெளியாலை ஒண்டும் கதைக்காதை." அதோடு லவீனா என்ற பெயரை உச்சரிப்பதையே விட்டுவிட்டார். யாராவது படலையில் நின்று விசாரித்தால், "அவளுக்குத் தலையிடி" என்பார். ஒரு மாதமாகத் தலையிடி! வேறு காலமென்றால் இரண்டு நாளில் பிடிபட்டிருப்பார். ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போகாத காலமல்லவா? ஊரடங்கு அவருக்குத் திரை பிடித்தது.

(இடையில் வார இதழ் ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். "அக்கா, 'ஓடிப்போன தங்கச்சி' எண்டு தலைப்பு வைப்பமே?" வைக்கமாட்டேன் என்றேன். "அப்ப ஆரையாவது சாகடியுங்கோவன்." அதுவும் மாட்டேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். அவரையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன், ஆனால் வளைந்த அடைப்புக்குறி, அவர் உண்மை.)

4

திங்கட்கிழமை கிராம அலுவலரான விதானையார் குடும்பப் பட்டியலோடு வந்து ஒவ்வொரு படலையிலும் நின்று வாசித்தார். "மரியரட்ணம், யசிந்தா, லவீனா. மூண்டு பேர். நாளைக்கு மூண்டு பேரும் மண்டபத்துக்கு வரவேணும். வராத ஆக்களை வீடு தேடி வந்து எடுப்பினம்."

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மரியரட்ணம் மகளிடம் சொன்னார்:

"நாளைக்கு நீ ரெண்டு தரம் குடு."

"என்னத்தை அப்பா?"

"மூக்கை."

யசிந்தா புட்டுக் கையோடு அப்படியே இருந்தாளாம். [கோப்பைக்குள் ஒரு கண்ணீர்த்துளி விழுந்தது.] இல்லை, அதை எடுத்துவிடுகிறேன். அவள் சிரித்தாளாம். தகப்பனுக்கும் சிரிப்பு வந்து, அது இருமலாகி, பம்ப் தேடவேண்டி வந்ததாம்.

பங்கு மண்டபத்தில் இரண்டு மேசை. இரண்டிலும் தலையிலிருந்து கால்வரை மூடிய ஆட்கள். அவர்களின் கண்ணாடிக்குள் வியர்வைப் புகை. எதிரே நிற்பவர் யாரென்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? யசிந்தா முதலாம் மேசைக்குப் போனாள். பெயர், யசிந்தா. குச்சி உள்ளே போன உடனேயே "ஆ!" என்று தலையைப் பின்னுக்கு இழுத்துவிட்டாள்.

"அசையாதேங்கோ அக்கா! சரி, சரி, காணும், போங்கோ."

அவள் வாசலுக்கு வரவில்லை. மண்டபத்து மேடைக்குப் பின்னால் போனாள். கூத்தாடுகிறவர்கள் உடுப்பு மாற்றும் அந்த ஒடுங்கிய அறைக்குள் நின்று, பையிலிருந்த லவீனாவின் பச்சைச் சட்டையைப் போட்டாள். வேறு முகக்கவசம் கட்டினாள். மேடையின் மற்றப் பக்கத்தால் இறங்கி இரண்டாம் மேசைக்குப் போனாள். பெயர், லவீனா.

இந்தத் தடவை அவள் அசையவில்லை. அசைந்தால், கத்தினால், பிடிபட்டுவிடுவோம் என்ற பயம். சிலை மாதிரி நின்றாள். குச்சி அடிவரை போய், சுற்றி, ஆறுதலாக வெளியே வந்தது.

அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்குள் ஒரே மூக்கிலிருந்து இரண்டு மாதிரி. வாசலில் அற்புதராணி அக்கா அவளை ஒருதரமாகத்தான் எண்ணியிருந்தார். அக்காவின் கணக்குச் சரி!

5

வியாழன் காலை எட்டு மணிக்கு மரியரட்ணத்தின் தொலைபேசி அடித்தது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பேசியவர் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அருட்செல்வன்.

"மரியரட்ணம் ஐயாவோ? பயப்படாதேங்கோ. உங்களுக்கு நெகட்டிவ். மூத்த மகள் யசிந்தாவுக்கும் நெகட்டிவ். இளையவ லவீனாவுக்குத்தான் பொசிட்டிவ். சிகிச்சை நிலையத்துக்கு ஏற்றப் பத்து மணிக்கு வாகனம் வரும். உடுப்பும் போன் சார்ஜரும் எடுத்து வைக்கச் சொல்லுங்கோ."

தொலைபேசி வைக்கப்பட்டதும் தகப்பன் கேட்ட முதல் கேள்வியை வாசகர்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. யசிந்தா சத்தியம் செய்தாள்.

"அவளுக்கு எப்பிடி வந்தது? அவள் இஞ்சை இல்லையே!"

"அப்பா, அது என்ரை மூக்கு."

"உனக்கு நெகட்டிவ் எண்டு சொன்னவர்."

"ரெண்டும் என்ரை மூக்குத்தான் அப்பா! முதல் தரம் நான் தலையை இழுத்துப்போட்டன், குச்சி வடிவாப் போகேல்லை. ரெண்டாந்தரம்தான் சரியா எடுத்தவை. நேற்றுக் கருவாடு கருகினது கூட எனக்கு மணக்கேல்லை. எனக்குத்தான் வந்திருக்கு. தள்ளி நில்லுங்கோ."

மரியரட்ணம் தள்ளி நின்றார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போது நிலைமையைப் பாருங்கள். வீட்டில் இருந்தால் தொய்வுக்காரத் தகப்பனுக்குத் தொற்றும். ஆகவே யசிந்தா போயே ஆகவேண்டும். ஆனால் போகச் சொல்லி வந்திருப்பது லவீனாவின் பெயருக்கு. லவீனாவாகப் போய்விடலாம், அப்போது நெகட்டிவ் என்று முடிவு வந்த யசிந்தா பதினான்கு நாள் வீட்டில் இருக்கவேண்டும். பி.எச்.ஐ. ஒவ்வொரு நாளும் படலையில் நின்று தலை எண்ணுவார். எங்கே போவது ஒரு யசிந்தாவுக்கு?

அவளே உடுவிலுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஸ்பீக்கரில்.

"லவீ, உனக்குக் கொரோனா."

"எனக்கோ? நான் இஞ்சை நல்லாத்தானே இருக்கிறன்!"

"உன்ரை பேருக்குத்தான் கொரோனா. மூக்கு என்ரை."

நடந்ததைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடம் போனது. மறுமுனையில், "உங்கள் ரெண்டு பேருக்கும் விசரே அக்கா!" என்று மூன்று தரம் கேட்டது.

"நான் நீயாய்ப் போறன் லவீ. நீ வந்து நானாய் இரு. பதினாலு நாள். ஏலுமோ?"

பிறகு லவீனாவின் குரல் மாறி வந்தது.

"பிறேமிட்டை மருந்துக்கடைப் பாஸ் இருக்கு. கொண்டுவந்து விடுவார். அக்கா, அப்பான்ரை பம்ப் இந்தக் கிழமையோடை முடிஞ்சிடும். வரேக்கை நான் எடுத்துக்கொண்டு வாறன். அவருக்குக் கிட்டப் போகாதை. தேத்தண்ணியை வாசலிலை வைச்சிட்டுத் தள்ளி நில்... அப்பா பக்கத்திலையோ?"

"ஓம். கேட்டுக்கொண்டுதான் நிக்கிறார்."

"அப்ப ஒண்டு கேட்டுச் சொல்லு. பதினாலு நாள் முடிய என்னைத் திரும்பிப் போக விடுவாரோ எண்டு கேள்."

யசிந்தா தகப்பனைப் பார்த்தாள். அவர் திரும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

[அங்கே நின்று அவர் என்ன நினைத்தார் என்று ஒரு முழுப் பக்கம் எழுதினேன். மனைவியின் நினைவு, மகள் கோயிலில் முதல் நன்மை எடுத்த நாள், வெள்ளை உடுப்பு. எல்லாம் நன்றாகத்தான் வந்தது. யசிந்தாவிடம் கேட்டேன், அவர் கிணற்றடியில் என்ன செய்தவர் என்று. "முகம் கழுவினவர் அன்ரி" என்றாள். பக்கத்தை வெட்டிவிட்டேன்.]

"லவீ, அவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் யசிந்தா.

"சொன்னால்தான் நான் வெளிக்கிடுவன்" என்று லவீனா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

6

ஊஊஊங்... வாகனம் மரியரட்ணம் வீட்டு வாசலில் நின்றது!

அருட்செல்வன் இறங்கினார். கையில் படிவம். "லவீனா?"

படலை திறந்தது. பச்சைச் சட்டை, இரட்டை முகக்கவசம், தலையைச் சுற்றிச் சால்வை. "ஓம்" என்றாள். எனக்குக் குரல் பிடிபட்டுவிட்டது. பக்கத்துப் படலையில் அற்புதராணி அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எண்ணுகிறார்!

"கடைசிப் பதினாலு நாளிலை ஆரையும் சந்திச்சனீங்களோ?"

"இல்லை சேர். நான் வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை."

அருட்செல்வன் எழுதிக்கொண்டார். லவீனா, வீட்டை விட்டு வெளியேறவில்லை. 

"சரி, ஏறுங்கோ. ஐயா, யசிந்தாவை ஒருக்கா வெளியாலை வரச் சொல்லுங்கோ. வீட்டிலை நிக்கிற ஆக்களைப் பார்த்துப் பதியவேணும்."

மரியரட்ணம் படலைக்குள் நின்றார். யாரும் வரவில்லை. சோளகம் படிவத்தைப் படபடக்க வைத்தது.

"யசிந்தா எங்கை ஐயா? குளிக்கிறாவோ?"

பச்சைச் சட்டைக்காரி வாகனப் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டாள்.

"சேர்" என்று அற்புதராணி அக்கா வாயைத் திறந்தார், "ஒரு சின்னக் கணக்கு..."

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். மூன்று நாளாக நிறுத்தியிருந்தேன். என்னிடம் முடிவுகள் இல்லாமலில்லை.

[முதலாவது: ஒழுங்கையை மூடிய தடிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம். பிறேமும் லவீனாவும். லவீனா ஓடிவந்து, "நான்தான் யசிந்தா" என்கிறாள். ஒழுங்கையே அதை நம்புகிறது. இது தொடர்கதைக்கு நல்லது. இன்னும் ஆறு வாரம் இழுக்கலாம். ஆனால் அற்புதராணி அக்கா நம்பமாட்டார்.]

[இரண்டாவது: மரியரட்ணம், "குளிக்கிறாள்" என்கிறார். வாகனம் போகிறது. அடுத்த நாளும் யசிந்தா குளிக்கிறாள். அதற்கடுத்த நாளும்...] இல்லை. என்னால் முடியாது.

[மூன்றாவது: நான் என் படலையைத் திறந்துகொண்டு போய், யசிந்தா என் வீட்டில்தான் நிற்கிறாள் என்கிறேன். சத்தியமாக, அந்த நிமிடத்தில் அதற்குத்தான் வாயெடுத்தேன்.]

இதில் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் எத்தனை நாள் கதைத்தது, பங்குத்தந்தை என்ன சொன்னார், உடுவிலில் இருந்து யார் வந்தார்கள், எல்லாவற்றையும் நீங்களே எழுதுங்கள். உங்களுக்கும் அடைப்புக்குறிகள் உண்டு. யசிந்தா சிகிச்சை நிலையக் கட்டிலில் இருந்துதான் என்னோடு பேசினாள் என்பதை இப்போது சொல்லலாம். இனி எனக்கு எழுத மிஞ்சியிருப்பது என் காதால் கேட்டது மட்டும்.

அற்புதராணி அக்காவின் அடுத்த சொல் வருவதற்குள் மரியரட்ணம் படலையைத் தாண்டி ஒழுங்கைக்கு வந்தார். மூச்சு இழுத்தது. கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடும் அந்தக் குரலில், பதினேழு வீட்டுக்கும் கேட்கச் சொன்னார்:

"அந்தப் பேரை வெட்டுங்கோ தம்பி, இது என்ரை மூத்தவள் யசிந்தா, லவீனா ஒரு மாசமாய் உடுவிலிலை, என்ரை மருமோன் வீட்டிலை இருக்கிறாள்."